தறியோடு கிளம்பியவர்கள்

அன்புள்ள தாயி,

போன ஞாயிற்றுக்கிழமை பந்தியில் உன் அக்காவைப் பற்றி ஒருவர், "சிங்கப்பூர்னா சும்மாவா, எல்லாம் காசுதான்" என்றார். நீ தலை நிமிராமல் சாப்பிட்டாய். கை கழுவும்போது என்னிடம் கேட்டாய்: "பெரியப்பா, வேலை நல்லாத் தெரிஞ்சவங்க ஏன் ஊரை விட்டுப் போறாங்க?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் மதுரையிலிருந்தே தொடங்குகிறேன். வேலை தெரிந்தவர்களை வெளியே அனுப்புவதற்கு வெகுகாலம் முன்பே, வெளியிலிருந்து அவர்களை வாங்கி வளர்ந்த ஊர் இது.

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள சந்து ஒன்றில், வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டி முடிச்சுப் போடுவதைச் சிறுவயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். துணியில் கடுகளவு இடத்தை விரல் நுனியால் கிள்ளித் தூக்குவார், நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார், அடுத்தது. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், முடிச்சுகள் படபடவென்று அவிழும். சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதுதான் சுங்குடி. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்து, அதிகாரபூர்வமாகவே மதுரையின் பொருளாகிவிட்டது.

அந்தப் பாட்டி வீட்டுக்குள் பேசியது தமிழ் இல்லை, சௌராஷ்டிரம். பட்டுநூல்காரர் என்று நம் ஊர் அழைத்த அந்த நெசவாளர்களின் முன்னோர் குஜராத்திலிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் என்று அரசு அரசாகத் தங்கி, நாயக்கர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்ததாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பேச்சில் கலந்திருக்கும் மராத்தி, கன்னட, தெலுங்குச் சொற்கள் அந்த வழித்தடத்தை இன்றைக்கும் காட்டிக்கொடுக்கின்றன. அன்றைக்கு வழியில் இருந்த அரசுகள் ஒவ்வொன்றும் தனி நாடு. எல்லை தாண்டினால் ராஜா வேறு, பாஷை வேறு, பணம் வேறு.

ஏன் நகர்ந்தார்கள்? பட்டு நெய்கிறவனுக்கு அதை உடுத்துகிறவர்கள் வேண்டும். அரண்மனையும் கோயிலும் திருவிழாவும் இருக்கிற இடத்தில்தான் பட்டு விலைபோகும். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்து தலைநகரம் சூறையாடப்பட்டபோது, நெசவாளியின் கைத்திறன் குறையவில்லை. வாங்குகிறவன்தான் இல்லாமல் போனான். மதுரையில் நாயக்கர் அரசு எழுந்து நின்றது. வேலை தெரிந்த கை அந்தப் பக்கம் திரும்பியதில் என்ன அதிசயம்?

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று கல்லிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு, லாட தேசத்துப் (இன்றைய தெற்கு குஜராத்) பட்டு நெசவாளர்கள், மந்தசோரின் பழைய பெயரான தசபுரத்தின் மன்னர்களுடைய நற்குணத்தைக் கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு வந்து குடியேறியதைச் சொல்கிறது. அவர்கள் நெய்து சேர்த்த பணத்தில் சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள். கட்டியது கி.பி. 436 வாக்கில், பழுதுபார்த்தது 473 வாக்கில். வந்தவர்களில் சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் மாறிவிட்டார்கள், மற்றவர்கள் நெசவிலேயே நின்றார்கள் என்றுகூட அதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இவர்கள் கூட்டமாக வந்ததைக் கவனி. தறி தனியாக நகராது, தாயி. நூல் முறுக்க ஒருவர், சாயம் போட ஒருவர், தெரு நீளத்துக்குப் பாவு நீட்ட நாலு பேர் வேண்டும். முதலில் போன ஒருவன் சொந்தத்தைக் கூப்பிடுவான், சொந்தம் தெருவைக் கூப்பிடும். உன் அக்காவுக்குச் சிங்கப்பூர் நர்சிங் போர்டில் பதிவு செய்ய வழிகாட்டியது யார்? அவளுக்கு முன்னால் அங்கே போன கல்லூரித் தோழிதானே!

அடுத்தது மரியாதை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. ராணி மங்கம்மாள் ஆட்சியில் (1689–1706) பட்டுநூல்காரர்கள் ஆவணி அவிட்டச் சடங்கு செய்யக்கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. ராணி விசாரித்து, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று ஓலை கொடுத்தார். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, வருமானமும் வந்தது. ஆனாலும் 'நான் நானாகவே இங்கே வாழலாமா?' என்ற கேள்விக்கு அவர்களுக்குப் பதில் தேவைப்பட்டது. பதில் கிடைத்தது, தங்கினார்கள். 1922-ல் இங்கே பிறந்த டி.எம். சௌந்தரராஜன் அந்தச் சமூகத்துப் பிள்ளை. தமிழை அவரைப்போலத் திருத்தமாக உச்சரித்துப் பாடியவர்கள் குறைவு.

உன் அக்கா இங்கே வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டிக்கு வார்டு முழுவதும் அவள் ஒருத்திதான். ஒரு ராத்திரி இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சுத் திணறியிருக்கிறது. யாரிடம் முதலில் ஓடுவது என்று நடுவில் நின்றதை என்னிடம் சொல்லும்போது அவள் அழுதாள். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் அதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளமும் குறைவுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தை அவள் நிரப்பியது அந்த வாரத்தில்தான்.

சனிக்கிழமை வழியனுப்ப நீயும் வருவாய். அவள் பெட்டியில் வைக்க ஒரு அரக்கு நிறச் சுங்குடி வாங்கி வைத்திருக்கிறேன், முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை. வந்ததும் நீ ஒரு பக்கம் பிடி, அவள் ஒரு பக்கம் பிடிக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா