மென்பொருள்: மிளகாயா, மிளகாய்த்தூளா?



ராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்று சிறிய மளிகைக் கடைகள் பலவற்றிலும் கணிப்பொறியில்தான் பில் போடுகிறோம். "மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதாமே, பணம் ஏன் கட்ட வேண்டும்?" என்பது பலருடைய கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மிளகாய் வாங்கி, காம்பு கிள்ளி, காயவைத்து, மிஷினில் அரைத்துக்கொள்வது ஒரு வழி. பாக்கெட் தூள் வாங்குவது மறு வழி. மென்பொருளும் அப்படியே. அதை உருவாக்குபவர் எழுதும் வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். அதைக் கணிப்பொறி ஏற்கும் வடிவுக்கு மாற்றுவதே 'கம்பைல்' செய்வது; அதாவது அரைப்பது. விலைக்கு விற்கும் மென்பொருள்களில் பெரும்பாலும் தூள் மட்டுமே நம் கைக்கு வரும். திறந்த மூல மென்பொருளில் மிளகாயையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமத்தின்படி, அத்தகைய மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆகவே, அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவது ஏமாற்று அல்ல. 'ஆர்டோர்' என்னும் ஒலிப்பதிவு மென்பொருளுக்கு மூல நிரல் இலவசம். அரைத்த வடிவுக்குக் கட்டணம். நம் தொழிலுக்கான 'இ.ஆர்.பி. நெக்ஸ்ட்' மும்பையில் உருவானது. அதை இலவசமாக நாமே நிறுவிக்கொள்ளலாம். பணம் கட்டி அந்த நிறுவனத்தின் பராமரிப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.

எது லாபம்? 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்தும், குளியல் சோப்பு 18 சதவீதத்திலிருந்தும் 5-க்கு இறங்கின. அன்று கடை திறக்கும்போதே பில்லில் புது விகிதம் வர வேண்டும். வராவிட்டால் வாடிக்கையாளரிடமும் பதில் சொல்ல வேண்டும், வரி அலுவலகத்திலும் பதில் சொல்ல வேண்டும். இலவச மென்பொருளின் உண்மையான விலை இத்தகைய நாளில்தான் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்றைக் கேளுங்கள்:

1. கோளாறு வந்தால் அன்றே சரிசெய்ய ஆள் உண்டா?

2. சந்தா, ஆள் கூலி, கடை நின்றுபோகும் நேரம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு என்ன செலவு?

3. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால், பழைய கணக்கு முழுவதும் நம் கைக்கு வருமா? ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம்.

விவரம் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலோ கடையிலோ இருந்தால் தாராளமாக நாமே அரைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் கூலி கொடுப்பதே சிக்கனம். ஆனால் எந்த வழியில் போனாலும், வாரம் ஒருமுறை கணக்கை நகலெடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். மென்பொருள் யாருடையதாகவும் இருக்கட்டும். கணக்கு நம்முடையதாக இருக்க வேண்டும்.