சர்க்கரையைக் குறைத்தது யார்?

கேள்வி: கண்டதையும் தின்று உடம்பைப் பெருக்கிக்கொள்வது அவரவர் தப்பு. அதற்கு அரசாங்கம் ஏன் வரி போட வேண்டும்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: எடுத்துக் குடிப்பது நம் கைதான். ஆனால் பாட்டிலுக்குள் எவ்வளவு சர்க்கரை என்று முடிவு செய்வது அந்தக் கை இல்லையே! பிரிட்டன் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை வரி கொண்டுவந்தது. அப்போது 100 மில்லியில் 5 கிராம் இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமைத் தொட்டால் 24. கட்ட வேண்டியது தயாரிப்பாளர். கணக்குப் போட்டுப் பார்த்த பல கம்பெனிகள், வரி அமலுக்கு வருமுன்பே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. ஸ்காட்லாந்துக்காரர்களின் செல்லக் குளிர்பானமான அயர்ன் ப்ரூ 10.3 கிராமிலிருந்து 4.7க்கு இறங்கியது. (பழைய ருசிக்காகப் பெட்டி பெட்டியாகப் பதுக்கிய ரசிகர்களும் உண்டு.) குடிப்பவர் எவரும் வைராக்கியம் காட்ட வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரி வரிக்கு என் ஓட்டு உண்டு.

எல்லா வரியும் இப்படிப் பலிப்பதில்லை. டென்மார்க் 2011இல் கொழுப்புக்கு வரி போட்டது. ஜனங்கள் ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். 2013 பிறந்தபோது வரி இல்லை. நம் பக்கத்துக் கேரளம் 2016இல் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் போட்டது. தெருமுனைப் பரோட்டாவைத் தொடவில்லை. அதை எப்படி ஐயா உடல்நல வரி என்பது?