பாடநூல் இல்லாத வேலையில் ஆறு பெண்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

மருத்துவமனை, வங்கி, இரயில் நிலையம் என எங்கு நோக்கினும் இன்று கணிப்பொறியின் ஆட்சிதான். அதற்கு நாம் இடும் கட்டளைத் தொகுப்பே நிரல். அதை எழுதுபவர் நிரலர். நிரலராவதற்கு அதற்குரிய பட்டம் பெற்றே தீரவேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியொரு பட்டமே உலகில் இல்லாத நாளில், முதல் நிரலர்களுக்கு வேலை எவ்வாறு கிடைத்தது?

கேத்லீன் மெக்நல்டி 1921-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குக் குடியேறியபோது, அவருக்கு ஐரிஷ் மொழி மட்டுமே தெரியும். கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகளின் செஸ்ட்னட் ஹில் கல்லூரியில் 1942-இல் கணிதப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு பட்டம் பெற்ற 92 மாணவியருள் கணிதம் பயின்றோர் மூவரே!

"கணக்குப் படித்தால் டீச்சர் வேலைதானே?" என்று நம் வீடுகளிலும் கேட்பதுண்டு. கேத்லீனுக்கோ ஆசிரியப் பணியில் நாட்டமில்லை. காப்பீட்டு நிறுவனங்களில் காப்பீட்டுக் கணிப்பாளராகச் சேர முதுகலைப் பட்டம் வேண்டியிருந்தது. ஆகவே கணக்குப்பதிவியல், பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றையும் கல்லூரியிலேயே சேர்த்துப் படித்து வைத்தார். பட்டம் பெற்ற ஓரிரு வாரங்களில், கணிதம் பயின்ற பெண்கள் தேவை என்ற அரசு விளம்பரத்தைச் செய்தித்தாளில் கண்டார். உடனே வகுப்புத் தோழி பிரான்சிஸ் பிலாசுக்கும் தெரிவித்தார். இருவருக்கும் வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 1,620 டாலர்.

அந்த வேலையின் பெயர் என்ன தெரியுமா? 'கம்ப்யூட்டர்'! அந்நாளில் அது கணக்கிடும் பணியாளரின் பெயர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணக்கிடுவதே அவர்கள் பணி. மேசைக் கணக்குப் பொறியின் துணையுடன் ஒரு பாதையைக் கணித்து முடிக்க ஏறத்தாழ 40 மணி நேரமாகும். இதற்குரிய முறையைக் கல்லூரி கற்றுத் தரவில்லை. வேலையில் சேர்ந்த பிறகே கற்றனர்.

1945-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உருவாகிவந்தது. பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகள் அதில் ஏறத்தாழ 18,000. அதற்கு நிரல் அமைக்க ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கேத்லீன், பிரான்சிஸ் இருவரோடு ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ரூத் லிக்டர்மேன் ஆகியோரே அவர்கள். பெட்டி பயின்றது இதழியல். மார்லின் பயின்றதோ சமூகவியல் பாடங்களும் ஆங்கிலமும். கூட்டல் பொறியை இயக்கத் தெரிந்ததே அவருக்கு முதலில் வேலை வாங்கித் தந்தது.

நிரல் அமைக்க வழிகாட்டி நூல் எதுவும் இல்லை. தொடக்கத்தில் இயந்திர அறைக்குள் நுழையவும் அவர்களுக்கு அனுமதியில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பொறியாளர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்தனர். பின்னர் கம்பிகளை இணைத்தும் விசைகளைத் திருப்பியும் நிரலை அமைத்தனர். 40 மணி நேரக் கணக்கை எனியாக் சுமார் 20 வினாடிகளில் முடித்தது!

1946 பிப்ரவரியில் எனியாக் பொதுமக்களுக்கு அறிமுகமானபோது, செய்தித்தாள்கள் இயந்திரத்தைப் புகழ்ந்தன. அதற்கு நிரல் அமைத்த பெண்களைப் பேசவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1997-இல்தான் அறுவரும் தொழில்நுட்பப் பெண்களுக்கான புகழ் மன்றத்தில் இடம்பெற்றனர். பாராட்டு தாமதமானாலும் அவர்கள் செய்த வேலை நிலைத்து நின்றது.

அன்புத் தோழியரே! இவர்களிடம் நாம் கற்பன மூன்று. கையிலுள்ள பாடத்தைத் திருந்தக் கற்றல். அதனோடு பயன்படும் இன்னொன்றையும் பழகுதல். நூல் இல்லாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதிருத்தல். பெற்றோரே, "இந்தப் படிப்புக்கு இந்த வேலைதான்" என்று முன்னதாகவே வேலி போட்டுவிடாதீர்கள். நாளை எங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலைக்கு இன்னும் பெயரே வைக்கப்படாமல் இருக்கலாம். அன்று அதையும் கற்றுக்கொள்வோம் என்ற துணிவை இன்று எங்களுக்குத் தாருங்கள்.