காலி வண்டியின் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சித்தப்பா எழுதுவது. கலாமசூவில் எல்லோரும் சுகம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

உன் அம்மா போன வாரம் ஊரிலிருந்து பேசினார். உன் வேலை போன விஷயம் அவர் காதுக்கு இன்னும் போகவில்லை. "பையன் குரலே சரியில்லையே, சளி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். ஆமாம், கொலம்பஸில் குளிர் அதிகம் என்று சொல்லிவைத்தாயிற்று. அடுத்த முறை கேட்டால் என்ன சொல்வது என்பதை நீயே எழுதி அனுப்பு.

நீ பெரிய பிக்கப் ஒன்று வாங்கி, எல்கார்ட்டிலிருந்து டிராவல் டிரெய்லர் இழுத்துப் போய் டீலர்களிடம் விடுகிற தொழிலில் இறங்கப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். முடிவு உன்னுடையது. குறுக்கே நிற்க இங்கே யாரும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடு, அவ்வளவுதான்.

இந்தியானாவின் வடக்கு ஓரத்து எல்கார்ட்டை நம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்க அதிக நேரம் ஆகாது. லாரிக்கு நாமக்கல் எப்படியோ, ஆர்.வி. என்கிற சக்கரம் வைத்த வீட்டுக்கு எல்கார்ட் அப்படி. வட அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.க்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் அந்த வட்டாரத்துச் சரக்கு என்பார்கள். தோர் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். 2005இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கிய ஃபாரஸ்ட் ரிவரும் அங்கேதான். பக்கத்து மிடில்பரியில் 1968இல் தொடங்கிய ஜேக்கோவை 2016இல் தோர் வாங்கிக்கொண்டது. இந்தத் தொழிற்சாலைகளில் ஆமிஷ் மக்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியிலும் சைக்கிளிலும் போகிற அவர்கள்தான் ஊரார் சுற்றுலா போக வண்டி செய்து கொடுக்கிறார்கள்.

டிராவல் டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது, யாராவது இழுத்துத்தான் போக வேண்டும். டிரான்ஸ்போர்ட் நிறுவனத்திடம் லோடு இருக்கும், அரசு அனுமதி எண் இருக்கும், வண்டி இருக்காது. வண்டி டிரைவருடையது. ராம் 3500, ஃபோர்டு எஃப்-350 போன்ற ஒரு பிக்கப்பை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு, பட்டியலில் பிடித்த லோடை எடுத்துக்கொள்ளலாம். வாடகை மைலுக்கு இவ்வளவு என்று பேச்சு. டிரைவர் சம்பளக்காரர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். வருஷ முடிவில் கைக்கு வருவது 1099 படிவம். டீசல், டயர், ஆயில், சாப்பாடு, தங்கும் செலவு, சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்குமான 15.3 சதவீத வரி என்று எல்லாம் அவர் தலையில். 'எனக்கு நானே முதலாளி' என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாமே. முதலாளிதான், கிளீனரும் நீதான்.

இனி சித்தப்பாவின் பழைய பாட்டு. நீ சிரிப்பாய் என்று தெரியும்.

அந்த வாடகை லோடு இருக்கிற மைலுக்கு மட்டும். திரும்பி வருகிற மைலுக்கு ஒரு சல்லி கிடையாது. நம் ஊர் லாரி வடக்கே முட்டை ஏற்றிப் போனால், ரிட்டன் லோடு பிடிக்கப் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் படுத்தாவது கிடக்கும். எல்கார்ட் பிக்கப்புக்கு அந்த வழியும் அரிது. ஒரேகான், ஐடஹோ பக்கம் சில தொழிற்சாலைகள் இருந்தாலும் அவற்றின் வண்டிகள் பெரும்பாலும் மேற்கு மாநில டீலர்களுக்கே போகின்றன. கிழக்கே திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் வெறும் கொக்கிதான். எஞ்சினோடு வரும் மோட்டார் ஹோமை ஓட்டிப் போகிறவர் புத்திசாலித்தனமாகத் தன் சின்னக் காரைப் பின்னால் கட்டி இழுத்துப் போய், அதில் குறைந்த செலவில் வீடு திரும்புகிறார். பிக்கப்காரர் அதே பெரிய எஞ்சினைக் காலியாக ஓட்டி வர வேண்டும். இன்ஷூரன்ஸ்கூட இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. லோடு போகும்போது ஒரு பாலிசி, காலியாக வரும்போது டிரைவரே எடுக்க வேண்டிய இன்னொன்று.

எல்கார்ட்டிலிருந்து ஒரேகானின் போர்ட்லாண்டுக்குச் சுமார் 2,200 மைல். வாடகை மைலுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள். 4,400 டாலர் வரும். படிக்கும்போதே ஆசையாக இருக்கும். ஆனால் ஓடுவது 4,400 மைல். அப்போதே மைலுக்கு ஒரு டாலர் ஆகிவிட்டது. இழுக்கும்போது காலனுக்கு 10 மைல், காலியாக 17 மைல் என்றால் போக வர 350 காலன். காலன் 4 டாலர் விலையில் 1,400 போய்விடும். டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், தேய்மானம் எல்லாம் சேர்த்து மைலுக்கு 30 சென்ட் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் இன்னொரு 1,320. சாப்பாடு, படுக்கை 300. மிஞ்சுகிற 1,380இல் மேலே சொன்ன வரி போனால் 1,200கூட நிற்காது. எட்டு நாள், நாளைக்குப் பதினோரு மணி நேரம். வகுத்துப் பார், மணிக்கு 13 டாலர் சொச்சம். வருமான வரி இன்னும் தொடவில்லை.

அமெரிக்க வருமான வரித் துறையே 2025க்கு வணிக ஓட்டத்தின் செலவை மைலுக்கு 70 சென்ட் என்று கணித்திருக்கிறது. மேலே டீசலும் தேய்மானமும் சேர்ந்து 62 சென்டுக்குள் அடங்கிவிட்டன. அதாவது சித்தப்பாவின் கணக்கு உனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது வண்டி. பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த புது டீசல் பிக்கப் 70, 80 ஆயிரம் டாலர். அந்த டீசல் எஞ்சின்களுக்கு வாரண்டி வழக்கமாக 5 வருஷம் அல்லது 1 லட்சம் மைல், எது முதலில் வருகிறதோ அது. இந்தத் தொழிலில் முழு நேரம் ஓடுகிறவருக்கு லட்சம் மைல் ஒரு வருஷத்தில், மிஞ்சினால் ஒன்றரை வருஷத்தில் வந்துவிடும். கடனோ ஆறு வருஷக் கடன். மீதி நாலரை வருஷம் பைனான்ஸ்காரன் வாரண்டி கேட்க மாட்டான், டியூதான் கேட்பான்.

இதை உன் அப்பாவிடமும் சொன்னது உண்டு. அவர் வாங்கிய அந்த இரண்டாவது லாரியைப் பற்றி இப்போது பேசுவதில் அர்த்தமில்லை. அதற்காகப் போன மேட்டுக்காடு இன்று யார் கையில் இருக்கிறது என்பது உனக்கே தெரியும். அண்ணன் நல்ல டிரைவர், அவரைப் போல மலையில் வண்டி இறக்க ஆளே கிடையாது. ஓட்டத் தெரிவது வேறு, வண்டியைச் சொந்தமாக வைத்துப் பிழைக்கத் தெரிவது வேறு என்று மட்டும் அன்றைக்கு அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் மூன்று மாதம் பேசவில்லை. போகட்டும்.

இந்தத் தொழிலுக்கு ஏற்ற இறக்கமும் அதிகம். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்தவர்களுக்காக அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் வாங்கியது. எல்கார்ட் கொழித்தது. 2006இல் 3.9 லட்சம் ஆர்.வி.க்கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. 2009இல் அது 1.66 லட்சம். எல்கார்ட் வட்டாரத்தில் வேலையில்லாதோர் விகிதம் 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் ஒபாமா அந்த ஊரைத் தேடிப் போனார். கொரோனா வந்து எல்லோரும் விமானத்துக்குப் பயந்தபோது, 2021இல், வரலாறு காணாத 6,00,240. இரண்டே வருஷத்தில், 2023இல், 3,13,174. 2021இன் வாடகையை நம்பி வண்டி எடுத்தவருக்கு 2023இல் லோடு பாதியாயிற்று, டியூ பாதியாகவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை எல்கார்ட்டுக்குக் கூட்டிப் போனார். ஆர்.வி. அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால் சித்தப்பாவுக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றியது டிரெய்லர் யார்டை. டிரைவர்கள் புது டிரெய்லரைச் சுற்றி வந்து மூலை மூலையாகப் போட்டோ எடுக்கிறார்கள். டீலர் இறக்கும்போது ஒரு கீறல் கண்டுபிடித்தால், அது முன்பே இருந்தது என்று காட்ட வேண்டுமே. மாப்பிள்ளை நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்தார். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். வண்டிக் கடன் எப்போதோ முடிந்தது, பென்ஷன் வருகிறது. ஒருவர் மனைவியோடு ஊர் சுற்றுகிறார், டீசல் காசு வந்தால் போதும் என்கிறார். இன்னொருவர் ஓஹையோ, மிச்சிகன் தாண்டுவதில்லை, இருட்டுவதற்குள் வீடு. முகத்தில் கவலை தெரிந்தவர்கள் இளவயசுக்காரர்கள்தான், பளபளவென்று புது வண்டி வைத்திருந்தவர்கள்.

சட்டம் நீ படித்திருப்பாய். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த எடைத் தகுதி 10,001 பவுண்டைத் தொட்டு மாநிலம் தாண்டினால் வணிக வண்டி விதிகள் வந்துவிடும். டாக்டர் சான்றிதழ் வேண்டும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். டிரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டி, மொத்தம் 26,001ஐ எட்டினால் வணிக உரிமமே வேண்டும். ஒரு சலுகையும் உண்டு. பெரிய லாரிகளில் கட்டாயமான மின்னணு நேரப் பதிவுக் கருவி, ஆர்.வி. டிரெய்லர் கொண்டு போகிறவருக்குக் கட்டாயமில்லை, தாளில் எழுதினால் போதும். நீ இதைச் சலுகை என்பாய். தாளில் தூங்கியதாக எழுதிவிட்டு வண்டி ஓட்டுகிறவனைத் தடுக்க அந்தத் தாளுக்கு வாய் இல்லை. நீ பரீட்சைக்குப் படிக்கும்போதே ஒன்பது மணிக்குத் தலை சாய்கிற பிள்ளை.

வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே ஐ-80 நெடுஞ்சாலையில் காற்று அடித்தால், எடை குறைந்த உயர வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடுகிறார்கள். காலி டிரெய்லர் என்பது அதுதான், உயரம் 11 அடி, உள்ளே ஒன்றுமில்லை. அந்தச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 75 மைல். பல டிரெய்லர் டயர்கள் 65க்கு மேல் ஓடச் செய்யப்பட்டவை அல்ல. டயர் வெடித்தால் டிரெய்லரின் பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு போகும், அந்த நஷ்டத்தில் உன் பங்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை மாப்பிள்ளையிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே.

முன்பு சொன்னபடி முடிவு உன்னுடையதுதான். வணிக உரிமம் எடுத்து ஒரு வருஷம் வேறொருவர் லாரியை ஓட்டலாம். தேய்வது அவர் டயர், வருவது உன் சம்பளம், நடுநடுவே உன் படிப்புக்கான வேலையும் தேடலாம். இல்லையென்றால் பழைய பிக்கப் ஒன்றைக் கையிருப்புப் பணத்தில் வாங்கி ஓஹையோவுக்குள்ளும் பக்கத்து மாநிலத்துக்கும் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் 80,000 டாலர் கடன் இருக்கவே இருக்கிறது.

எழுதியதைப் படித்துப் பார்த்தால் திட்டின மாதிரி இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ளாதே கண்ணு. உனக்கு உன் அப்பாவின் கை, ஸ்டியரிங் பிடித்தால் வண்டி பேச்சுக் கேட்கும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பழைய வண்டி பார்க்கப் போகும்போது சித்தப்பாவையும் கூப்பிடு. எஞ்சின் சத்தத்தை இங்கிலீஷில் கேட்க வேண்டியதில்லையே. புது வண்டியேதான் என்று நின்றாலும் சரி, முதல் தவணைக்கு ஏதாவது குறைந்தால் வாய் விட்டுக் கேள், ஊரில் கொஞ்சம் போட்டு வைத்தது இருக்கிறது. முதல் போர்ட்லாண்ட் டிரிப்புக்குக் கூட ஆள் வேண்டும் என்றால் சித்தப்பா தயார், டயர் தட்டிப் பார்க்கவும் உன்னைத் தூங்கவிடாமல் பேசவும். சனிக்கிழமை மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கலாமசூ வா. உன் தங்கை கொள்ளுப் பருப்பு கடையப் போகிறாளாம்.

அன்புடன்,
சித்தப்பா