கேமரா திக்குவதற்குப் பனிமூட்டம் காரணமா?

ஏற்காட்டில் வீடும் சேலத்திலோ சென்னையிலோ பிழைப்புமாக இருப்பவர்கள் இன்று பலர். காப்பித் தோட்டத்து பங்களா, நாகலூர்ப் பக்கம் ஓய்வுக்காகக் கட்டிய வீடு, வாடகைக்கு விடும் காட்டேஜ் என எங்கும் வாசலுக்கு ஒரு கேமரா, கொல்லைப்புறத்துக்கு ஒன்று. காப்பி பறிக்கும் மாதங்களில் களத்தில் காயும் கொட்டைக்குக் காவலாக இன்னொன்று. கேட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று கைப்பேசி மணியடிக்கிறது; திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. படம் வரும்போது ஆள் போய்விட்டார். ஏன் என்று விசாரித்தால் மலையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணங்களை நம்பித்தான் புதுக் கேமராவும் புது ரவுட்டரும் வாங்கப்படுகின்றன. அதனால் அவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: பனி இறங்கினால் சிக்னல் போய்விடும்

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகமே வீட்டுக்குள் வரும் ஊரில் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பனிமூட்டம் வைஃபை அலையைத் தடுப்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். பனித்துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அடர்ந்த பனியிலும் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் அரை கிராம் அளவைத் தாண்டுவது அரிது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தானே தண்ணீரைச் சூடாக்குகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அடுப்பு மூடிய பெட்டிக்குள் பல நூறு வாட் சக்தியைச் செலுத்துகிறது. வீட்டு ரவுட்டர் வெளியிடுவது ஒரு வாட்டின் சிறு பகுதிதான். மழைகூட 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைத்தான் குறிப்பிடும்படி பாதிக்கும்.

அப்படியென்றால் பனி நாளில் படம் திக்குவது பொய்யா? இல்லை, உண்மைதான். ஆனால் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

இரவில் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்கிறது. அந்த ஒளி எதிரே மிதக்கும் துளிகளில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வருகிறது. படம் முழுவதும் வெண்மை, அதுவும் நிலையில்லாமல் நெளியும் வெண்மை. காணொளியைச் சுருக்கும் முறையின் அடிப்படை என்னவென்றால், முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது. அசையாத சுவரும் தரையும் அதற்குச் சுலபம். பனி நெளியும்போது ஒவ்வொரு படத்திலும் எல்லாமே மாறுகிறது. பகலில் 1 எம்பிபிஎஸ் போதுமாக இருந்த கேமரா, அதே தரத்துக்கு அதைப்போல் பல மடங்கு கேட்கிறது. அவ்வளவையும் மேலே அனுப்பும் திறன் இணைப்புக்கு இல்லாதபோது படம் உறைகிறது. காற்றில் ஆடும் சில்வர் ஓக் இலைகளும், லென்ஸ் முன்னால் சிலந்தி கட்டிய வலையும் இதே வேலையைச் செய்யும்.

இதற்குக் காசு செலவில்லாத மருந்து உண்டு. கேமரா அமைப்புகளில் பிட்ரேட்டை மாறும் நிலையிலிருந்து மாறாத நிலைக்கு மாற்றி, இணைப்பு தாங்கும் அளவில் நிறுத்துங்கள். வாராவாரம் வலையைத் துடைக்கச் சொல்லுங்கள். மூடுபனி மாதங்களில் கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, சில அடி தள்ளி ஒரு வராந்தா விளக்கை எரியவிட்டாலே படம் தெளிந்துவிடும்.

பனியோடு சேர்ந்து வரும் இன்னொன்று கரண்ட் கட். காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் வீட்டு ரவுட்டர் அணைகிறது. நேரம் நீண்டால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்கிறது. பழி மட்டும் பனிமேல்.

நம்பிக்கை: எங்கள் வீட்டில் நெட் வேகமாகத்தான் இருக்கிறது

சினிமா தடையில்லாமல் ஓடுவதை வைத்து இப்படிச் சொல்கிறார்கள். சினிமா வீட்டுக்குள் இறங்குகிறது. கேமரா படம் வீட்டிலிருந்து வெளியே ஏறுகிறது. இரண்டும் வேறு வேகங்கள். ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் இரண்டும் சமமாக இருக்கும். ஃபைபர் எட்டாத எஸ்டேட்டுகளில் 4ஜி சிம் போட்ட ரவுட்டர்தான் கதி. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிட்டு இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் கொடுக்கிறது, பெரும்பங்கு இறக்கத்துக்கே. டவர் முகட்டுக்குப் பின்னால் இருந்தால் ஏற்றம் இன்னும் மெலிகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் வரிசை கட்டும் நாட்களில், வந்தவர்கள் எல்லோரும் அதே டவரில்தான் படம் அனுப்புகிறார்கள்.

ஆகவே வேகச் சோதனை செய்யும்போது அப்லோடு என்ற எண்ணைப் பாருங்கள். 1080 தரத்தில் ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் வேண்டும், எச்.265 முறைக்கு மாற்றினால் அதில் பாதியளவில் சமாளிக்கலாம். நான்கு கேமராவும் நாள் முழுக்க கிளவுடில் பதிவு செய்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எந்த நேரத்தில் யார் பார்த்தாலும் திக்கும் வீடுகளில் முதலில் நிறுத்த வேண்டியது இந்த ஓயாத பதிவைத்தான்.

நம்பிக்கை: கேமராவை மாற்றினால் சரியாகும்

மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. வீட்டில் இருக்கும் யாரையாவது, அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்துச் செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறக்கட்டும். வைஃபையில் சீராக ஓடி, டேட்டாவில் மட்டும் திக்கினால் குறை பெரும்பாலும் வெளியே போகும் இணைப்பில். இரண்டிலும் திக்கினால் கேமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பொருளும் வாங்காதீர்கள். அதிக மெகாபிக்சல் கேமரா வாங்குவது நோயை வளர்ப்பதாகவே முடியும், ஏனெனில் அது இன்னும் அதிகமாக அனுப்பப் பார்க்கும். கையில் இருக்கும் கேமராவிலேயே துணை ஓட்டம் என்று குறைந்த தரக் காட்சி ஒன்று இருக்கும். நேரலைக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். பதிவு உயர்தரத்திலேயே நடக்கும்.

இரண்டு மூன்று விநாடி பின்தங்கல் குறையே அல்ல. படம் சுருக்கப்பட்டு, சர்வர் வழியாக வந்து விரிய அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

நம்பிக்கை: கேமரா பக்கத்தில் ரிப்பீட்டர் மாட்டினால் போதும்

பழைய பங்களாக்களின் கல்சுவர் தடிமன் அலையை நன்றாகவே உறிஞ்சும். தகரக் கூரை திருப்பி அடிக்கும். மழையில் நனைந்த மரக்கூட்டமும் குறுக்கே நிற்கும். சிக்னல் ஏற்கெனவே நலிந்த இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால் அது நலிந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். பாதி வழியில் வைக்க வேண்டும். அப்போதும் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்பும் மலிவு ரகங்களில் வேகம் பாதியாகும். கேமரா செயலியில் சிக்னல் அளவு தெரியும்: −65 வரை நலம், −75ஐத் தாண்டினால் தொல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்று கேட்டுக்கு அதை நம்ப வேண்டாம்; சுவர் தாண்டுவதில் 2.4தான் மேல்.

நிலையான தீர்வு கேபிள்தான். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனால் ஏற்காட்டு இடி மின்னலுக்கு மரத்தோடு மரமாக இழுத்த செம்புக் கம்பி ஆபத்து. இரு முனையிலும் உள்ள கருவிகள் கருகலாம். களம்வரை நீளமாகப் போவதென்றால் மின்சாரம் கடத்தாத ஃபைபர் இழையைப் போடுவதே நல்லது.

நம்பிக்கை: நேரலை உறைந்தால் பதிவும் போயிற்று

இந்த பயம்தான் பலரை வீண் செலவில் இறக்குகிறது. கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் எழுதப்படுவதற்கு இணையம் தேவையில்லை. சிம் செத்துப்போன இரவிலும், கேமராவுக்கு மின்சாரம் இருந்தால் காட்சி கார்டில் இருக்கும். காட்டெருமை தோட்டத்துக்குள் வந்ததா, களத்து மூட்டை எப்போது நகர்ந்தது என்பதற்கெல்லாம் பதில் அங்கேதான் இருக்கிறது. கண்காணிப்புப் பதிவுக்கென்றே செய்யப்பட்ட கார்டைப் போடுங்கள். சாதாரணக் கார்டு ஓயாத எழுத்தில் சீக்கிரம் தேயும்.

கடைசியாகக் கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலை வைத்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களைக் கைப்பற்றி அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை முடக்கியது. அப்படிச் சிக்கிய கேமரா தன் ஏற்ற வேகத்தைத் திருடருக்காகச் செலவிடும். முகவரியோ ஊரோ பார்த்து அது வருவதில்லை. ஏற்காட்டு வீடும் விலக்கல்ல.

காப்பிப் பறிப்பு தொடங்கும் முன், அக்டோபர் மழையிலேயே ஓர் இரவு இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால், அது ரவுட்டருக்கும் கேமராவுக்கும் ஆளுக்கொரு சிறிய யுபிஎஸ்.