விதியின் மீது பழி போடலாமா?



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதர சகோதரிகளே! நம் பிள்ளைகள் வளர்ந்து படிக்கத் தொடங்கியதும் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்றால், நான் செய்வதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அல்லாஹ் நாடியதைச் செய்தவனை மறுமையில் விசாரிப்பது நீதியா? இப்படிக் கேட்கும் பிள்ளையை அதட்டி அனுப்பிவிடாதீர்கள். இந்தக் கேள்வி இந்த உம்மத்துக்குப் புதியதல்ல.

ஸஹாபாக்கள் வாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே பஸராவில் மஃபத் அல்ஜுஹனீ என்பவர் விதி என்று ஒன்று இல்லை என்று பேசத் தொடங்கினார். அங்கிருந்து வந்த இரண்டு தாபிஈன்கள் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களைச் சந்தித்து இதுபற்றிக் கேட்டார்கள். அவர் அந்தக் கூட்டத்தாரை விட்டுத் தாம் விலகிக்கொண்டதாக அறிவித்துவிட்டு, விதியை நம்புவதும் ஈமானின் ஒரு பகுதி என்று வரும் ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸை எடுத்துச் சொன்னார்கள் (நூல்: முஸ்லிம்). பின்னர் ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் என்பவர் மறு எல்லைக்குப் போனார். மனிதனுக்குச் சுயமான செயலே கிடையாது என்றார் அவர். ஒரு சாரார் அல்லாஹ்வின் ஆற்றலைக் குறைத்தார்கள், மறு சாரார் அவனுடைய நீதியைக் குறைத்தார்கள். அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்கள் இரண்டையும் மறுத்தார்கள்.

அந்த அறிஞர்கள் ஓர் எளிய உதாரணம் சொல்வார்கள். நடுக்க நோயால் ஒருவரின் கை ஆடுகிறது. இன்னொருவர் பேனாவைப் பிடித்து எழுதுகிறார். இரண்டு கைகளும் அசைகின்றன, இரண்டு அசைவுகளையும் படைத்தவன் அல்லாஹ்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது உங்கள் உள்ளத்துக்குத் தெரியும். நடுங்கும் கையை யாரும் குறை சொல்வதில்லை. பொய்க் கணக்கு எழுதும் கையை யாரும் மன்னிப்பதில்லை. மனிதனுக்கு வழியைக் காட்டிவிட்டதாகவும், அவன் நன்றி செலுத்துபவனாகவோ நன்றி கெட்டவனாகவோ இருக்கலாம் என்றும் அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 76:3).

இந்தத் தேர்வு இல்லாத இடத்தில் மார்க்கம் யாரையும் பிடிப்பதில்லை. தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை, இம்மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (நூல்: அபூதாவூத்). அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களைக் குறைஷிகள் சித்திரவதை செய்து குஃப்ரான வார்த்தையைச் சொல்ல வைத்தார்கள். அழுதுகொண்டே வந்த அவரிடம் நபி (ஸல்) அவர்கள், உம்முடைய உள்ளம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். ஈமானில் உறுதியாக இருக்கிறது என்றார் அம்மார். நிர்ப்பந்திக்கப்பட்ட நிலையில் உள்ளம் ஈமானில் உறுதியாக இருப்பவர் மீது குற்றமில்லை என்பதை அல்குர்ஆன் 16:106 உணர்த்துகிறது. நாவை மற்றவர் வளைத்தார்கள், உள்ளத்தை வளைக்க முடியவில்லை. அல்லாஹ் பார்ப்பது அந்த உள்ளத்தை. இதைவிடத் துல்லியமான நீதி எந்த நீதிமன்றத்தில் உண்டு?

அப்படியானால் எழுதப்பட்டது என்பதன் பொருள் என்ன? பகீஉல் கர்கத் மையவாடியில் ஒரு ஜனாஸாவின்போது நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து, கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியபடி, ஒவ்வொருவரின் இடமும் எழுதப்பட்டுள்ளது என்றார்கள். அப்படியென்றால் அமல்களை விட்டுவிட்டு எழுதப்பட்டதையே நம்பியிருக்கலாமா என்று தோழர்கள் கேட்டார்கள். செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் அவரவருக்குரிய வழி எளிதாக்கப்படும் என்று பதில் வந்தது (நூல்: புகாரி, முஸ்லிம்). எழுதப்பட்டது நமக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. கட்டளையோ நம் கண்முன் இருக்கிறது. அல்லாஹ் அறிந்து எழுதிவைத்திருப்பது, உங்கள் கையைப் பிடித்து உங்களைப் பாவத்தில் தள்ளுவது ஆகாது. ரிஸ்க் எழுதப்பட்டுள்ளது என்று நம்பும் நாம் கடை ஷட்டரைத் திறக்காமல் வீட்டில் இருப்பதில்லையே! தொழுகைக்கு அழைக்கும்போது மட்டும், அல்லாஹ் நாடினால் தொழுவேன் என்று ஏன் சொல்கிறோம்?

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் செய்தியை அறிந்தார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷி முதியவர்களிடமும் ஆலோசித்த பின் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கித்தான் செல்கிறோம் என்று உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஒரு கரை செழிப்பாகவும் மறு கரை வறண்டும் இருக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் விளக்கினார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கே இருப்பவர்கள் தப்பித்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதன் பிறகு வந்து அறிவித்தார்கள் (நூல்: புகாரி). விதியை நம்பியவர் அறிவைப் பயன்படுத்தினார், ஆலோசித்தார், மக்களின் உயிருக்குப் பொறுப்பேற்றார்.

அன்பிற்கினிய சகோதரர்களே! விதியைச் சொல்லித் தப்பிக்க முயன்ற முதல் ஆள் யார் தெரியுமா? இப்லீஸ்தான். நீ என்னை வழிகெடுத்துவிட்டாய் என்று தன் ரப்பின் மீதே பழி போட்டான் (அல்குர்ஆன் 7:16). ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும், நாங்கள் எங்களுக்கே அநீதி இழைத்துக்கொண்டோம் என்றார்கள் (அல்குர்ஆன் 7:23). தவ்பாவின் வாசல் பொறுப்பை ஏற்றவர்களுக்குத் திறந்தது.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். தகப்பனார் மவ்த்தாகிறார். மகளுக்கும் பங்கு உண்டு என்று அல்லாஹ் அல்குர்ஆனில் கணக்கிட்டே சொல்லிவிட்டான் (4:11). சகோதரர்கள் சொத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். அவள் வறுமையில் வாடும்போது, அவளுடைய நஸீபு அவ்வளவுதான் என்கிறார்கள். இது நஸீபு அல்ல சகோதரர்களே, நீங்கள் எடுத்துக்கொண்ட அவளுடைய பங்கு! ஏழைக்குக் கொடுங்கள் என்று சொல்லப்பட்டபோது, அல்லாஹ் நாடினால் அவனே உணவளித்திருப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று நிராகரிப்பாளர்கள் கேட்டதை யாஸீன் சூராவில் ஓதுகிறோம் (36:47). ஓதிவிட்டு அதே வார்த்தையை நாமும் பேசலாமா?

விதியின் மீதான நம்பிக்கைக்கு உரிய இடம் வேறு. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், அன்றைக்கு வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தால் என்று இரவெல்லாம் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இது மருந்து. ஏதேனும் துன்பம் நேர்ந்தால், இப்படிச் செய்திருந்தால் என்று சொல்லாமல், அல்லாஹ்வின் ஏற்பாடு என்று சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (நூல்: முஸ்லிம்). அதே ஹதீஸில், பயன் தருவதில் ஆர்வம் கொள், இயலாமல் உட்கார்ந்துவிடாதே என்றும் சொன்னார்கள்.

ஆக, உங்களுக்கு நேர்ந்த சோதனையில் விதியை நினைத்துப் பொறுமை கொள்ளுங்கள். நீங்கள் செய்த பாவத்தில் உங்களையே விசாரித்துத் தவ்பா செய்யுங்கள். பிறருக்கு நேர்ந்த துன்பத்தில், அதில் என் பங்கு என்ன, நான் செய்ய வேண்டியது என்ன என்று கேளுங்கள். இந்த வாரம் உங்கள் சகோதரியிடம், கொடுக்க வேண்டிய கடனாளியிடம், கூலி பாக்கியுள்ள தொழிலாளியிடம் அந்தக் கேள்வியோடு செல்லுங்கள். விதியைப் பற்றிக் கேட்கும் உங்கள் பிள்ளைக்கு அதுவே நல்ல பதிலாகவும் அமையும்.

யா அல்லாஹ்! உன் விதியைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தையும், எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாவையும், பிறர் உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் கையையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.