எங்கே நின்றால் சூடாகிறது?

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துப் பழைய வண்டி, 200 சிசி, ரேடியேட்டர் வைத்தது. மாம்பழச் சாலை சிக்னலில் நின்றால் மீட்டரில் ஹீட் கட்டம் ஏறிக்கொண்டே போய் சிவப்பு விளக்கு எரிகிறது. பார்த்த மெக்கானிக் ‘ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும்’ என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: சமயபுரம் ரோட்டில் அறுபதில் போகும்போதும் ஏறுகிறதா, நின்றால் மட்டும்தானா?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஆக, நின்றால் மட்டும் சூடு ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன்மேல்தான். ஓடும்போதும் ஏறினால், கூலன்ட் குறைந்திருக்கிறது, இல்லாவிட்டால் ரேடியேட்டர் வழியாகச் சரியாக ஓடவில்லை. ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே ஏறி, தொட்டால் ரேடியேட்டர் மட்டும் சில்லென்று இருந்தால், கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

நான் தொழில் பழகியபோது பட்டறைக்கு வந்த ஆர்எக்ஸ் 100, புல்லட் எல்லாம் காற்றிலேயே ஆறுகிற வண்டிகள். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஃபின்னில் சேறு அப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2008ல் யமஹா ஆர்15, 2012ல் கேடிஎம் டியூக் 200 என்று வரத் தொடங்கிய பிறகுதான் ரேடியேட்டர் எங்கள் தெருப் பட்டறைகளுக்குப் பழக்கமானது. அதனால் இன்றைக்கும் பலர் அதை ‘கொஞ்சம் தண்ணிதானே’ என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

என் வலது முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பைச் சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாயே, அது ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்ததால் வந்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறாய். மூடிபோட்டு அழுத்தத்தில் வைத்தால் அப்படி இல்லை. உன் வண்டி மூடியின் மேல் 1.1 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றைவிட அவ்வளவு பார் அழுத்தம் உள்ளே ஏறும்வரை அது தாங்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் அடங்கி இருந்தது சட்டென்று கொதித்து, ஆவியும் வெந்நீருமாகச் சீறி வெளியே வரும். இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் ஆகி, ரேடியேட்டரை வெறும் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தால்தான் மூடியில் கை வைக்க வேண்டும். இதை மட்டும் எனக்காகச் செய்.

இந்த மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரியும் கூலன்டைப் பக்கத்து டப்பாவுக்கு அனுப்பும். ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனாலோ, டப்பாவுக்குப் போகும் சின்ன ஹோஸில் கீறல் விழுந்தாலோ போனது திரும்பி வராது. டப்பாவில் ‘ஃபுல்’ கோடு வரை இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டப்பாவை மட்டும் பார்த்து ‘கூலன்ட் இருக்கு’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நீ மூடியைத் திறந்து, கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று கண்ணால் பார். இருநூறு முந்நூறு ரூபாய் மூடி ஒன்று மாற்றி முடிந்த கேஸ்களை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஃபேன். சாவியை எடுத்துவிட்டு இறக்கையை விரலால் சுற்று. கரகரவென்று மாட்டினால் மோட்டாருக்குள் தூசியும் துருவும் ஏறியிருக்கிறது. லேசாகச் சுற்றினால் கப்ளரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடு. அப்போது ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. பழுது ஃப்யூஸ், ரிலே, சென்சார், வயரிங் இவற்றில் எங்கோ. ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தால் வாங்காதே, வயரிங்கே எரிந்துவிடும். அப்படியே ரேடியேட்டரின் முகத்தையும் பார். மீன் செவுள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து முன்னால் வருகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவு. வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷரில் அடித்தால் அந்தச் செவுள் எல்லாம் மடங்கிவிடும்.

இனி குனிந்து இன்ஜின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப்புக்கு அடியில் அரிசி அளவில் ஒரு ஓட்டை இருக்கும். அது தற்செயலாக விழுந்த ஓட்டை இல்லை. பம்ப் தண்டில் இரண்டு சீல்கள்: ஒன்று கூலன்டைத் தடுக்கிறது, மற்றது ஆயிலைத் தடுக்கிறது. ஏதாவது ஒன்று தேய்ந்தால் கசிவது மற்றதில் கலக்காமல் வெளியே போகத்தான் நடுவில் அந்த வழி. டார்ச் அடித்துப் பார். பச்சையோ சிவப்போ பொருக்குத் தட்டிய கோடு கீழே இறங்கியிருந்தால் கூலன்ட் சீல் போய்விட்டது; பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் சீல். ஒழுகுகிறதே என்று அதில் எம்சீல் வைத்து அடைத்த வண்டி ஒன்று போன மாதம் என்னிடம் வந்தது. கூலன்ட் போக வழியில்லாமல் ஆயிலில் கலந்திருந்தது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன், டீக்கடைப் பால் மாதிரி வந்தது. பேரிங்குகள் எல்லாம் போய்விட்டன. முந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது.

கூலன்ட் குறைந்தபோது முந்தைய ஓனர் என்ன ஊற்றினார் என்று கேட்டாயா? ஹாஸ்டல் கெட்டில் அடியில் வெள்ளையாகக் காறை படிகிறதே, போர் தண்ணீர் ஊற்றினால் இன்ஜினுக்குள்ளும் அதேதான். அலுமினியத்துக்கும் கூலன்டுக்கும் நடுவில் அந்தக் காறை போர்வை மாதிரி உட்கார்ந்துகொள்ளும், சூடு வெளியே வராது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மூடியைத் திறக்கும்போது கழுத்தில் வெள்ளைப் பொடியோ செம்மண் கலங்கலோ தெரிந்தால் முழுதும் இறக்கு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இன்ஜின் சூடாகும் வரை ஓட்டி, ஆறவைத்து இறக்கு. தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய். பிறகு பைக்குக்கான, அலுமினிய இன்ஜினுக்கு ஏற்ற கூலன்ட். கலக்காததாக இருந்தால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். நிறத்தை நம்பிப் பழையதோடு சேர்க்காதே. ஒரே பச்சை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு மருந்து. இறக்கியதைத் தெருவில் கொட்டாதே. அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். கேனில் பிடித்து வை, நான் வரும்போது எடுத்துப் போகிறேன்.

ஊற்றியதும் மூடி போட்டுவிடக் கூடாது. மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் ஓட விடு, ஹோஸைப் பிசைந்து கொடு, வண்டியை இரண்டு பக்கமும் லேசாகச் சாய். குமிழ் வரவர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இரு. கொஞ்ச நேரத்தில் குமிழ் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், கூடவே சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகையும், வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லாமல் கூலன்ட் குறைவதும் இருந்தால், அப்போது கேஸ்கெட் என்று அவர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்வேன்.

தெர்மோஸ்டாட்டை ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?’ என்று கழற்றி எறியச் சொல்வார்கள். விடாதே. அது இல்லாவிட்டால் இன்ஜின் தன் சூட்டுக்கு வர நேரமாகும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சந்தேகமென்றால் கழற்றி நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வை, அடியில் தொடக் கூடாது. அதன் மேலேயே டிகிரி பொறித்திருக்கும், பெரும்பாலும் எண்பதை ஒட்டி. அந்தச் சூட்டில் வாய் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது வாங்கு.

சனிக்கிழமை காலை, வண்டியை எடுப்பதற்கு முன்னால், மூடியைத் திறந்து பார். கழுத்து வரை இருக்கிறதா, என்ன நிறம், பம்ப் ஓட்டையில் கோடு இருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு, என்ன சாமான் எடுத்துக்கொண்டு வருவது என்று முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா